மெஷின் ரூம் காற்று

ஏப்ரல் 6

சித்தப்பா,

முதல்ல இதைக் கிழிச்சுப் போட்டுடாதீங்க. ப்ளீஸ். ரெண்டு பக்கம்தான்.

போன்ல என்னை பிளாக் பண்ணீங்க, சரி. வாட்ஸ்அப்ல பண்ணீங்க, அதுவும் சரி. அப்பா போன்ல இருந்து கூப்பிட்டா, என் குரலைக் கேட்டதும் கட் பண்ணிட்டு அப்பாவையும் பிளாக் பண்ணிட்டீங்க. சொந்த அண்ணனை! அதான் பேப்பர்ல எழுதுறேன். தபால்காரரை பிளாக் பண்ற பட்டனை இன்னும் எவனும் கண்டுபிடிக்கல. நான் பேனா பிடிச்சே பல வருஷமாச்சு, எழுத்து கோழி கிளறின மாதிரிதான் இருக்கும்.

நடந்ததை நானே சொல்லிடுறேன். நீங்க சொன்னா இன்னும் கேவலமா இருக்கும். நான் புது வீட்டுக்கு மாறின அன்னைக்கு எல்லாரும் வந்திருந்தீங்க. அப்பாவுக்கு வாங்கின பிரஷர் மெஷினை எடுத்து ஒவ்வொருத்தர் கையிலயா மாட்டி விளையாடிட்டு இருந்தேன். உங்களுக்கு 178க்கு 104 காட்டுச்சு. நான் போட்டோ எடுத்து குடும்ப குரூப்ல “சித்தப்பா டாப் ஸ்கோர்”னு போட்டேன். நெருப்பு எமோஜி வேற. அப்பா பயந்துபோய் அதை அப்படியே உங்க மேனேஜருக்கு அனுப்பி, போனும் பண்ணினார். மறுநாளே உங்களை லிஃப்ட் வேலையில இருந்து எடுத்து ஸ்டோர்ல உட்கார வெச்சுட்டாங்க.

வேணும்னு பண்ணல. ஆனா பண்ணினது நான்தான். சாரி.

சாரி சொல்ல மட்டும் எழுதல. அன்னைக்கு நீங்க எங்க படியில ஏறி வர்றப்போ ரெண்டாவது மாடி திருப்பத்துல நின்னு போன் பேசிட்டு இருந்தீங்க. நான் மேல இருந்து எட்டிப் பார்த்தேன். போனை முகத்துக்கு நேரா பிடிச்சிருந்தீங்க, ஸ்க்ரீன் இருட்டா இருந்துச்சு சித்தப்பா. இன்னொரு கையால சுவரைப் பிடிச்சிருந்தீங்க. யாருமே இல்லாத போன்ல “ஆமா… சரி… பாக்கலாம்”னு சொல்லிட்டு இருந்தீங்க. நெத்தியெல்லாம் வேர்வை. அப்புறம் ஒண்ணுமே நடக்காத மாதிரி சிரிச்சுக்கிட்டே உள்ள வந்தீங்க.

இதை நான் யார்கிட்டயும் சொல்லல. குரூப்ல போடல. நம்புங்க.

ஹார்ட் டாக்டர்கிட்ட போங்க. இவ்வளவுதான் கேக்குறேன்.

உங்க வாயாடி


ஏப்ரல் 15

வாயாடிக்கு,

கிழிக்கவில்லை. உன் கையெழுத்தைப் படிக்க என்னோடு ஜோடியாக வேலை செய்கிற ஸ்பேனரின் கண்ணாடியை இரவல் வாங்க வேண்டியிருந்தது. யாருடைய கடிதம் என்று கேட்டான். வங்கியிலிருந்து என்றேன். “பேங்க்ல இப்பல்லாம் இவ்வளவு மோசமா எழுதுறாங்களா?” என்றான்.

ஸ்டோரில் இரண்டு வாரம் நட்டையும் போல்ட்டையும் பிரித்துப் போட்டேன். கதவைத் தாண்டிப் போகிறவன் எல்லாம் “என்ன டாப் ஸ்கோர், சாப்பிட்டாச்சா?” என்று கேட்டுவிட்டுப் போனான். இத்தனை வருடம் உழைத்து வாங்கிய பெயர் எனக்கு ஒன்று இருந்தது. இப்போது இது.

கம்பெனி டாக்டர் என்னைப் படுக்க வைத்து ஈசிஜி எடுத்தார். நார்மல். அந்தக் காகிதத்தை மேனேஜர் மேஜையில் வைத்துவிட்டுத் திரும்ப வேலைக்கு வந்துவிட்டேன். விஷயம் அதோடு முடிந்தது.

படியில் நீ பார்த்ததைப் பற்றி எழுதியிருக்கிறாய். எனக்கு நெஞ்சில் இறுக்கம் எப்போது வரும், எதனால் வரும் என்பது எனக்கே தெரியும். அது மெஷின் ரூம் காற்று. மொட்டை மாடியில் ஜன்னல் இல்லாத அறை. வெயிலில் காய்ந்த கூரை, கிரீஸ், சூடான மோட்டார் வாடை. கதவைத் திறந்து உள்ளே போனதும் நெஞ்சின் மேல் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்கும். வாசலோரமாகக் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் எழுந்து போய்விடும். இந்த வேலையில் இருக்கிறவனுக்கு இதெல்லாம் சகஜம். அன்று காலை ஒரு மெஷின் ரூமிலிருந்து நேராக உன் வீட்டுக்கு வந்தேன். அதன் மிச்சம்தான் உன் படியில் வந்தது.

பிரஷருக்கு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். தலை கனத்தால் ஒன்று போட்டுக்கொள்கிறேன். கனக்காத நாளில் எதற்கு? ஓடுகிற மெஷினில் கை வைக்க மாட்டேன். சத்தம் போட்டால்தான் திறப்பேன்.

இனி இதைப் பற்றி எழுதாதே. வேறு ஏதாவது எழுதுவதானால் எழுது.

சித்தப்பா


ஏப்ரல் 21

சித்தப்பா!!

வேற ஏதாவது எழுத உட்கார்ந்தேன். வரல. மன்னிச்சுக்கோங்க.

மெஷின் ரூமுக்கு நீங்க எப்போ போவீங்க? லிஃப்ட் நின்னா போவீங்க. லிஃப்ட் நின்னா எப்படிப் போவீங்க?

படியில சித்தப்பா! படியில! பத்து மாடி, பன்னெண்டு மாடி, பையைத் தூக்கிக்கிட்டு! அந்தக் கதவைத் திறக்குற நேரத்துக்கு உங்க நெஞ்சு அத்தனை மாடி ஏறி முடிச்சிருக்கும். அது காத்து இல்ல, படி! எங்க வீட்டுல மெஷின் ரூமும் இல்ல, மோட்டாரும் இல்ல. படி மட்டும்தான் இருந்துச்சு. அங்கயும் வந்துச்சே!

இதை எழுதிட்டுத் திரும்பப் படிச்சேன், பயமா இருக்கு. ஏன்னா இத்தனை நாளா உங்களுக்குத் தோணாதது ரெண்டே வரியில எனக்குத் தோணிடுச்சு. உங்களுக்குத் தோணாம இருக்காது. தோண விடாம வெச்சிருக்கீங்க.

ஈசிஜி நார்மல்னு சொன்னீங்க. படுத்துக்கிட்டு எடுத்தது. ஒரு லிஃப்டை, ஆள் யாரும் ஏறாம, கீழ்த்தளத்துல நிக்கிறப்போ பாத்துட்டு “நல்லா இருக்கு, ஓட்டுங்க”னு நீங்க கையெழுத்துப் போடுவீங்களா? வெயிட்டை ஏத்தி, மேல கீழ ஓட்டிப் பாத்துட்டுத்தானே போடுவீங்க? நெஞ்சுக்கும் அந்த மாதிரி ஒரு டெஸ்ட் இருக்கு. ஓடுற பட்டை மேல நடக்க விட்டு, வேகத்தைக் கூட்டி, அப்போ எடுப்பாங்க. ரத்தம் போற குழாய் சுருங்கி இருந்தா, சும்மா இருக்கிறப்போ தெரியாது, வேலை குடுக்குறப்போதான் பத்தாம போகும். வீடியோவுல பாத்து மட்டும் சொல்றேன்னு நினைக்காதீங்க. கீழ் வீட்டு நர்ஸ் அக்காகிட்ட உங்க பேரைச் சொல்லாம கேட்டேன். “உனக்குத் தெரிஞ்ச ஒருத்தர்னா, உடனே கூட்டிட்டுப் போ”னு மட்டும் சொன்னாங்க. முகம் மாறிடுச்சு.

அப்புறம் மாத்திரை. சத்தம் வந்தாத்தான் திறப்பேன்னு எழுதியிருக்கீங்க. பொய். மாசா மாசம் சர்வீஸ்னு ஒவ்வொரு கட்டடமா போறீங்களே, அங்கெல்லாம் சத்தம் வந்த பிறகா போறீங்க? பிரஷர் சத்தமே போடாதாம். தலை கனக்காத நாள்லயும் ஏறித்தான் இருக்குமாம். தினமும் போடணும்.

என் மேல நம்பிக்கை இல்லைன்னா ஒண்ணு பண்ணுங்க. ஒரு நாள் ஓடுற லிஃப்ட்ல ஏறி அதே மெஷின் ரூமுக்குப் போங்க. அந்தக் காத்தை நல்லா இழுங்க. இறுக்கம் வருதான்னு பாருங்க.

சும்மா உட்கார்ந்திருக்கிறப்போ வந்தாலோ, உட்கார்ந்தும் போகலைன்னாலோ, தாடை, கைக்கெல்லாம் பரவினாலோ, யாரையும் யோசிக்காம ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க. சத்தியம் பண்ணுங்க.

வாயாடி


மே 19

வாயாடிக்கு,

நீ சொன்னதை மறுவாரமே செய்து பார்த்தேன். சர்வீஸுக்குப் போன கட்டடத்தில் ஓடுகிற லிஃப்டிலேயே மேலே போனேன். வெளியே நல்ல வெயில். மெஷின் ரூம் அடுப்பு மாதிரி இருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு மோட்டார் பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்தக் காற்றை வயிறு வரைக்கும் இழுத்தேன். டப்பாவைத் திறந்து அங்கேயே சாப்பிட்டும் முடித்தேன்.

ஒன்றும் வரவில்லை.

வந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அதனால்தான் உனக்கு எழுதவில்லை.

இப்போது எழுதுவதற்குக் காரணம் வேறு. போன வியாழக்கிழமை ஒரு கட்டடத்தில் கரண்ட் போய் லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது. உள்ளே ஒரு அம்மாவும் கைக்குழந்தையும். நானும் ஸ்பேனரும் படியேறினோம். மேலே போனதும் இறுக்கம் வந்துவிட்டது. எப்போதும் போல வாசலில் உட்கார முடியவில்லை. குழந்தை அழுகிற சத்தம் கிணற்றிலிருந்து வருகிற மாதிரி கேட்டுக்கொண்டே இருந்தது.

கையால் இறக்குவதற்கு இரண்டு ஆள் வேண்டும். ஒருவன் பிரேக் லிவரை அழுத்திப் பிடிக்க வேண்டும். இன்னொருவன் சக்கரத்தைச் சுற்ற வேண்டும். நான் லிவரைப் பிடித்தேன். ஸ்பேனர் சுற்றினான். பாதியில் நெஞ்சில் இருந்தது தாடைக்கு ஏறியது. இடது கை என்னுடையதாகவே இல்லை. விட்டுவிட்டேன்.

பயப்படாதே. லிவரை விட்டால் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும். அதைச் செய்தவனுக்கு, மனிதன் ஒரு நாள் கையை விடுவான் என்று தெரிந்திருக்கிறது. லிஃப்ட் ஓர் அடிகூட இறங்கவில்லை. ஆனால் உலுக்கி நின்றது. உள்ளே அந்த அம்மா போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

“என்னண்ணே?” என்று கேட்டான்.

“கை வழுக்கிருச்சு. கிரீஸ்.”

லிவரில் கிரீஸ் இல்லை. அவனும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரம் கழித்து அடங்கியது. திரும்பப் பிடித்தேன். இறக்கிவிட்டோம். அந்த அம்மா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எனக்கு நன்றி சொன்னாள்.

அடுத்த வாரக் கடைசியில் ஒரு பெரிய கட்டடத்தில் லிஃப்டைத் தாங்குகிற கம்பிக் கயிறு மாற்ற வேண்டியிருக்கிறது. ஸ்பேனர் லிஃப்டின் கூரை மேல் நிற்பான், உள்ளே, இருட்டில். நான் மேலே. நான் குரல் கொடுத்தால்தான் அவன் காலை எடுத்து வைப்பான். அங்கே பிரேக் மட்டும் போதாது. நான் சரியாக இருக்க வேண்டும்.

யாரிடமும் சொல்லாதே. அண்ணனிடம் சொல்லாதே. எனக்கு மனைவி இல்லை, பிள்ளை இல்லை. காலையில் எழுந்து போக ஒரு வேலை இருக்கிறது. அதையும் எடுத்துவிட்டால், நான் தனியாகத் தங்கியிருக்கிற அந்த அறையில் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியவில்லை.

சித்தப்பா


மே 22

சித்தப்பா,

லெட்டர் இன்னைக்குக் காலையில கிடைச்சுது. பஸ் ஏறி வந்துடலாம்னு பையைத் தூக்கிட்டேன். அப்புறம் கீழ வெச்சுட்டேன். நான் வந்தா நீங்க கதவைத் திறப்பீங்க, டீ போட்டுக் குடுப்பீங்க, “ஒண்ணுமில்லடி”ன்னு சிரிப்பீங்க. நானும் நம்பிடுவேன். நம்பணும்னுதான் இருக்கு எனக்கு.

போன தடவை உங்களைக் கேக்காம ஊருக்கே சொன்னேன். இந்தத் தடவை உங்ககிட்ட முதல்ல சொல்லிட்டுச் செய்றேன். இதைக் கூரியர்ல போடுறேன், நாளைக்கு மதியத்துக்குள்ள உங்க கையில இருக்கும். நாளைக்குச் சாயந்திரம் ஆறு மணிக்கு நான் ஸ்பேனர் மாமாவுக்கு போன் பண்ணுவேன். லிவர்ல கிரீஸ் இல்லைன்னு சொல்லுவேன். அதுக்குள்ள நீங்களே சொல்லிட்டா நல்லது.

அதுவரைக்கும் படி ஏறாதீங்க. ஒரு மாடிகூட. திரும்ப வந்தா ஆம்புலன்ஸ், ஆறு மணி வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.

என்னை இனிமே சாகுற வரைக்கும் பிளாக் பண்ணுங்க. பரவாயில்ல. பிளாக் பண்றதுக்கு நீங்க இருக்கணும், அவ்வளவுதான்.

அந்த அறையில என்ன பண்ணுவீங்கன்னு கேட்டிருந்தீங்க. எனக்கும் தெரியல. தெரியும்னு பொய் சொல்ல மாட்டேன்.

நான்


ஜூன் 30

வாயாடிக்கு,

ஆஸ்பத்திரியில் நீ மூன்று நாள் என் கட்டில் பக்கத்தில் இருந்தாய். உன் அப்பாவும் இருந்தார். அதனால் நாம் பேசியதெல்லாம் கஞ்சியில் உப்பு இல்லை என்பதைப் பற்றித்தான். அங்கே சொல்ல முடியாததை இப்போது எழுதுகிறேன்.

உன் கூரியர் வந்தபோது நாங்கள் ஷெட்டில் இருந்தோம். படித்தேன். மணி பார்த்தேன். கோபம் வந்தது, பொய் சொல்லவில்லை. பிறகு ஸ்பேனரைக் கூப்பிட்டு, நெஞ்சில் கோளாறு இருக்கிறது, அன்றைக்குக் கை வழுக்கவில்லை என்று சொன்னேன். சொல்லிவிட்டுத் தலை குனிந்துகொண்டேன்.

அவன் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

“தெரியும்ணே” என்றான்.

“எது தெரியும்?”

“எல்லாம்தான். அஞ்சாறு மாசமா பையை ஏன் நானே தூக்கிட்டு வர்றேன்னு நினைச்சீங்க? முதுகுக்கு எக்சர்சைஸா? ஒவ்வொரு திருப்பத்துலயும் ஷூ லேஸ் கட்டுறேனே, என் ஷூவுல லேஸே கிடையாதுண்ணே.”

“அப்புறம் ஏண்டா சொல்லல?” என்று கேட்டேன்.

“எப்படிச் சொல்றது? அந்தப் புள்ள ஒரு வார்த்தை சொன்னதுக்கு, பெத்த புள்ளையாட்டம் வெச்சிருந்தவளை முகத்துலயே முழிக்க மாட்டேன்னுட்டீங்க. நான் யாரு? நாளைக்கே வேற ஆள் குடுங்கன்னு கேட்டுருவீங்க.” பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னான்: “கயிறு மாத்துறதை நினைச்சா தூக்கம் வரலண்ணே. நிக்கப்போறவன் நான். வீட்டுல கூடச் சொல்லல.”

இதைத்தான் உன்னிடம் சொல்ல நினைத்தேன். நான் ஒருத்தியைத் தள்ளி வைத்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சுற்றியிருந்த எல்லோருடைய வாயையும் சேர்த்து அடைத்திருக்கிறேன். என் பொய்யை நம்புகிற மாதிரி நடித்து நடித்து அவன் களைத்துப்போயிருந்தான். தன் உயிரைப் பணயமாக வைத்து நடித்திருக்கிறான்.

அவன்தான் அன்று மாலையே ஆட்டோவில் கூட்டிப்போனான். பிரஷர் எப்படிப் பார்க்கிறார்கள் தெரியுமா? சாய்ந்து உட்கார வைத்து, காலைத் தரையில் வைக்கச் சொல்லி, பேசாமல் ஐந்து நிமிடம் இருக்கச் சொன்னார்கள். கையை நெஞ்சு உயரத்துக்கு மேஜையில் வைத்தார்கள். ஒரு தடவை அல்ல, திரும்பத் திரும்ப. உன் வீட்டில் நான் சிரித்துக்கொண்டிருக்கும்போது நீ மாட்டினாய். இருந்தாலும் உன் மெஷின் பொய் சொல்லவில்லை. இங்கே இன்னும் அதிகமாகத்தான் இருந்தது.

அந்தப் பிரஷரோடு நடக்க வைக்க மாட்டேன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அங்கேயே சேர்த்துக்கொண்டு, ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். மாரடைப்பு இன்னும் வரவில்லை என்றார் டாக்டர். “இன்னும்” என்ற சொல்லை அழுத்திச் சொன்னார். மாத்திரையில் பிரஷரை இறக்கி வீட்டுக்கு அனுப்பி, பிறகு கூப்பிட்டு நீ சொன்ன அந்தப் பட்டையில் விட்டார்கள். கொஞ்ச தூரம்கூடப் போகவில்லை. நெஞ்சில் அது வந்து உட்கார்ந்தது. அதே நேரத்தில் ஈசிஜி காகிதத்தில் கோடு கீழே இறங்கியது. எனக்குள் மட்டும் இருக்கிறது என்று நினைத்திருந்ததை ஒரு அறை நிறைய ஆள்கள் பார்த்தார்கள். உடனே நிறுத்திவிட்டார்கள்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும். குழாயில் ஸ்டென்ட் வைத்தது, நீ அழாத மாதிரி வராண்டாவுக்குப் போனது.

தினமும் காலையில் மாத்திரை. தலை கனத்தாலும் கனக்காவிட்டாலும். நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை ஒன்று சட்டைப் பையில். அதைப் போடும்போது நிற்கக் கூடாதாம், தலை சுற்றி விழுந்துவிடுவேனாம். ஐந்து நிமிடத்தில் அடங்காவிட்டால் ஆம்புலன்ஸ்.

எப்போது வேலைக்குப் போகலாம் என்று டாக்டரிடம் கேட்டேன். “நடங்க. மெதுவா படியும் ஏறலாம், போகப் போக. ஆனா இன்னொருத்தர் உசிரு உங்க கையில இருக்கிற வேலையை இப்போ மறந்துடுங்க” என்றார். இப்போது என்றால் எவ்வளவு நாள் என்று கேட்க வாய் வரவில்லை.

சித்தப்பா


ஜூலை 6

சித்தப்பா,

நான் அழல. வராண்டாவுல நெட்வொர்க் நல்லா இருந்துச்சு.

அன்னைக்கு ஆறு மணிக்கு நான் போன் பண்ணினேன். ஸ்பேனர் மாமா எடுத்து “சொல்லிட்டாரும்மா. ஆட்டோல இருக்கோம்”னு சொல்லி வெச்சுட்டார். நான் போனைக் கையில வெச்சுக்கிட்டு அப்படியே சமையல்கட்டுத் தரையில உட்கார்ந்துட்டேன். அதை யார்கிட்டயும் சொன்னதில்ல.

இப்போ போன் பண்ணினா எடுக்குறீங்க. ஆனா போன்ல கேட்டா எல்லாத்துக்கும் “நல்லா இருக்கேன்”னுதான் சொல்றீங்க. அதனால எழுதுங்க. எழுதுறப்போ உங்களுக்குப் பொய் வர மாட்டேங்குது.

காலையில பாக்குற பிரஷர் நம்பரை எனக்கு அனுப்ப வேண்டாம். டாக்டர்கிட்ட காட்டுங்க. அது உங்க நம்பர்.

ஒண்ணு மட்டும் கேக்கணும். நாடித்துடிப்பைக் குறைக்கிற மாத்திரை ஒண்ணு குடுத்திருக்காங்கல்ல, நல்லா இருக்கேன்னு அதைத் திடீர்னு நிறுத்திடாதீங்க. நர்ஸ் அக்கா சொல்லச் சொன்னாங்க. இப்போ உங்க பேர் அவங்களுக்குத் தெரியும். நான் சொல்லிட்டேன். கோவமா?

அந்த அறையில என்ன பண்றீங்க?

வாயாடி


ஆகஸ்ட் 12

வாயாடிக்கு,

கோபம் இல்லை.

அறையில் ஒன்றும் செய்யவில்லை. அதுதான் உண்மை. காலையில் நடக்கிறேன். வந்து உட்காருகிறேன். ஜன்னல் வழியாக எதிர்க் கட்டடத்தைப் பார்க்கிறேன். அங்கே லிஃப்டின் கதவு சரியாக மூடவில்லை, சத்தத்திலேயே தெரிகிறது. போய்ச் சொல்லவில்லை. முதல் மாதம் மிகவும் கஷ்டமாக இருந்தது. சில நாள் காலையில் எழுந்திருக்கவே பிடிக்கவில்லை. மாத்திரையை விடவில்லை.

இந்த வாரத்திலிருந்து கம்பெனி என்னைக் கீழ்வேலைக்கு எடுத்திருக்கிறது. ஸ்பேனருக்குப் புது ஜோடி கொடுத்திருக்கிறார்கள். நாற்பது வயது ஆள், நிதானமானவன். நான் அவர்களோடு வண்டியில் போய், கீழ்த்தளத்தில் நின்று, கதவருகில் போர்டு மாட்டி, யாரும் பட்டனை அழுத்தாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் வேலை.

நேற்று முதல் தடவை. ஒன்பது மாடிக் கட்டடம், லிஃப்ட் நின்றிருந்தது. இரண்டு பேரும் பையைத் தூக்கிக்கொண்டு படியேறினார்கள். காலடிச் சத்தம் ஒவ்வொரு திருப்பமாக மேலே போய்க்கொண்டே இருந்தது. எந்தத் திருப்பத்திலும் நிற்கவில்லை. ஸ்பேனர் இவ்வளவு வேகமாகப் படியேறுவான் என்று எனக்கு இதுவரை தெரியாது.

லாபியில் ஒரு பெண், கையில் இரண்டு பை, லிஃப்டுக்காகக் காத்திருந்தாள். என் சட்டையில் கம்பெனிப் பெயரைப் பார்த்தாள்.

“நீங்களும் மெக்கானிக்தானே? நீங்க போகலையா?”

கேலியாகக் கேட்கவில்லை. சும்மாதான் கேட்டாள். என்னிடம் பதில்கள் எத்தனையோ இருந்தன. சாமான் வர வேண்டும், மேலே ஆள் போதும், மேனேஜர் போன் செய்வார். எல்லாம் வாய்க்கு வந்துவிட்டன.

“எனக்கு நெஞ்சுல கோளாறும்மா. இப்போ ஏறக் கூடாது” என்றேன்.

யாரென்றே தெரியாத ஒருத்தியிடம், பட்டப்பகலில், சத்தமாக. வானம் இடிந்து விழவில்லை. அவள் “அப்படியா” என்றாள். வாட்ச்மேன் நாற்காலி மேல் யாரோ வைத்திருந்த செய்தித்தாளை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, நாற்காலியை என் பக்கம் நகர்த்தினாள்.

மேலே எங்கேயோ ஸ்பேனர் புது ஆளுக்குக் குரல் கொடுத்தான். பிரேக் விடுபடுகிற சத்தம் கேட்டது.

நான் உட்கார்ந்தேன்.

சித்தப்பா